மழைக்காலமும் எலிப்பொறியும்

ஆண்டுவிழா மலரில் எலிப்பொறியைப் பற்றி எழுதப் புகுந்தேன் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். தமிழின் தொன்மை, திருக்கோயில்களின் மாண்பு, நம் சங்கத்தின் தொண்டு என எழுதத்தக்க பொருள்கள் பல இருக்க, இவ்வெளிய பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் நம் காலனியில் தரைத்தளத்து வீடொன்றில் வாழும் பள்ளிச் சிறுவன், மாஹிம் நிலையத்தருகே தேங்கிய நீரில் நடந்து வீடு வந்தான். சில நாட்களுக்குப்பின் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தான். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் எலிக்காய்ச்சல் அது என்று மருத்துவர் கூறினார். இறைவன் அருளாலும் மருந்தின் வலிமையாலும் பையன் பிழைத்தான். அவன் வீடு திரும்பிய மறுநாள் அவனுடைய தாயார் எங்கள் வீட்டு வாயிலில் நின்று, “அண்ணா, உங்களிடம் எலிப்பொறி இருக்கிறதாமே, சில நாட்களுக்குத் தருவீர்களா?” என்று கேட்டார். நானும் பெருமையோடு பரண்மீதிருந்த கம்பிக்கூண்டை இறக்கினேன். வில்கம்பி துருவேறிக் கிடந்தது. அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருந்தது. கதவு இம்மியும் அசையவில்லை. மூன்றாண்டுகளாக அதனை ஒருமுறையேனும் துடைத்து எண்ணெயிட்டேனில்லை. அன்று அவ்வம்மையார்முன் நான் அடைந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

எலிக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்நாளில் பம்பாய் எனப் பெயர் பெற்றிருந்த இந்நகரின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியிருப்பதை டாக்டர் அக்காசியோ காபிரியேல் வியேகாஸ் கண்டறிந்து அறிவித்தார். துறைமுகத்தை அடுத்துத் தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. கிடங்கிருந்த இடத்தில் எலியும், எலியிருந்த இடத்தில் மக்களும் நெருங்கி வாழ்ந்தனர். சில மாதங்களில் நகர மக்களிற் பெரும்பகுதியினர் ரயிலேறியும் கப்பலேறியும் வெளியூர் சென்றனர். 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 8,21,764 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. செல்வம் கொழித்து வளர்ந்துவந்த நகரொன்று பத்தாண்டுகளில் சுருங்கியதென்றால் அந்நோயின் கொடுமையை நாம் ஒருவாறு உணரலாம்.

நோய்க்கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் என்பார் 1894ஆம் ஆண்டிலேயே ஹாங்காங்கில் கண்டிருந்தார். ஆயினும் அது எலியிடமிருந்து மனிதனை அடையும் வழி புலப்படவில்லை. 1898இல் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் ஆய்ந்து, எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டுசெல்கிறது என்றார். அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் நம் பரேலில் பணியாற்றிய கிளென் லிஸ்டன் என்பார் கினிப்பன்றிகளை நோயுற்ற வீடுகளில் விட்டு, அவற்றின்மேல் ஏறிய தெள்ளுகளைப் பிடித்து ஆய்ந்தார். அதாவது, உயிருள்ள விலங்கையே தெள்ளுக்குப் பொறியாக வைத்தார். 1905ஆம் ஆண்டில் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் இதனை ஐயமற நிலைநாட்டினர். தடுப்பூசி கண்ட ஹாஃப்கின் பெருமானின் பெயரால் பரேலில் இன்றும் விளங்கும் ஆய்வுக்கூடமே இவ்வாராய்ச்சிகளின் தாயகம்.

அக்குழுவினருக்கு வேண்டியவை எலிகள். நகரின் பல பகுதிகளிலும் பொறிகள் வைக்கப்பட்டன. அகப்பட்டனவும் செத்துக் கிடந்தனவும் ஆகிய எலிகள், எடுத்த இடம் குறிக்கப்பெற்றுப் பரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சாக்கடைகளில் வாழும் பெரிய எலிகளிடையே நோய் முதலில் எழுவதும், அதன்பின் வீட்டெலிகளைப் பற்றுவதும், அதற்கும் பின்னரே மனிதரைத் தாக்குவதும் இங்ஙனம் தெரியவந்தன. அறிஞர் பெயர்கள் நூல்களில் உள்ளன. ஆனால் மாலையில் இரை கோத்துப் பொறி வைத்து, விடியலில் சென்று எலியை எடுத்துவந்த கூலியாட்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் கை ஓய்ந்திருந்தால் அறிஞரின் மேசை வெறுமையாய் இருந்திருக்கும்.

இங்கு மழைக்காலத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இந்நகரில் பிளேக் நோய் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் உச்சத்தை அடையும். சூன் மாதம் மழை தொடங்குகையில் தணிந்துவிடும். மக்கள் அச்சம் தெளிவர். ஆயினும் நோய் அழிந்துவிடுவதில்லை. ஒருசில எலிகளிடம் ஒடுங்கியிருந்து, மழை நீங்கிய மாதங்களில் மீண்டும் தலைதூக்கும். ஆதலின், எவரும் எலியை நினையாத மழைக்காலமே பொறி செம்மையாய் இயங்கவேண்டிய காலம். இடர்ப்பாடு என்னவெனில், அக்காலமே பொறிகள் பழுதுறும் காலமும் ஆகும். இரும்பு துருப்பிடிக்கிறது. மரம் உப்பிக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. பொரியும் வடையும் ஒரே இரவில் நமுத்துப் பூஞ்சணம் பூக்கின்றன. சேற்று நீர் வில்கம்பியின் கண்ணில் புகுந்து அடைக்கிறது. விடியலில் பார்த்தால் இரை இருக்காது, எலியும் இருக்காது, கதவு மட்டும் திறந்தபடி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈரத்தில் பொறி வைக்கும் கலையில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். சங்க நூல்களாகிய புறநானூற்றிலும் நற்றிணையிலும் பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்திய ‘அடார்’ என்னும் பொறி பேசப்படுகிறது. தினை தின்ன வரும் பன்றிக்காகக் குறவன் வைத்த அடாரில் புலி அகப்பட்ட செய்தி நற்றிணையில் உண்டு. கல் துருப்பிடிப்பதில்லை, மழையில் உப்புவதும் இல்லை.

காவிரிப் படுகையில் இன்றும் வழங்கும் ‘கிட்டி’யை நம்மில் தஞ்சைப் பக்கத்தார் அறிவர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊரில் முதியவர் ஒருவர் தோளில் கிட்டிக் கட்டுடன் அந்தியில் வயலுக்குப் போவார். பிளந்த மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டி, சிறு குச்சியொன்றால் தடுத்து, அதனருகே இரை வைப்பது அதன் அமைப்பு. எலி இரையைத் தொட்டதும் தடை விலகும், வில் நிமிரும், நாண் எலியின் கழுத்தை இறுக்கும். ஆணியோ சுருள்வில்லோ வேண்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நீர் நிற்கும் சம்பா வயலின் வரப்பில் வைத்தற்கு இதனினும் எளிய கருவி இல்லை. ஓர் ஹெக்டேருக்கு நூறு கிட்டிகள் வைக்கலாம் என வேளாண் துறையறிஞரும் பரிந்துரைக்கின்றனர்.

எனினும் மூங்கிலும் பேணப்படவேண்டியதே. நனைந்த மூங்கில் விறைப்பை இழக்கும். நனைந்த கயிற்றின் அளவு மாறும். அம்முதியவர் விடியலில் கிட்டிகளைத் திரட்டிக்கொண்டு வந்து, அடுப்பங்கரைச் சூட்டில் ஒவ்வொன்றாக உலர்த்துவார். தளர்ந்த நாணை அவிழ்த்துக் கட்டுவார். எலிக்கு இத்தனை என்பதே அவருக்குக் கூலி. கிட்டியைப் பேணிய நேரத்திற்குக் கூலி கொடுத்தவர் எவருமில்லை. “வைக்கிறது அரை வேலை தம்பி, காயவைக்கிறதுதான் முழு வேலை” என்று அவர் சொன்னது இப்போது என் செவியில் ஒலிக்கிறது.

நமக்கு மழை எப்படியோ, வடநாட்டு வேடர்களுக்கு உறைபனி அப்படி. கனடாவிலும் அலாஸ்காவிலும் மென்மயிர்த் தோலுக்காக விலங்கு பிடிப்போருக்குக் குளிர்காலமே தொழிற்காலம். அப்போதுதான் தோல் அடர்ந்து விலைபெறும். ஆனால் பகலில் இளகிய பனிநீர் இரவில் உறைந்து, இரும்புப் பொறியின் தாடைகளைப் பூட்டுப்போட்டாற்போல் பிடித்துக்கொள்ளும். பொறியின் மிதிதட்டுக்கடியிலுள்ள ஈரமண் கல்லாக இறுகினால், விலங்கு ஏறி மிதித்தாலும் பொறி விழாது. இதற்கு அவர்கள் கண்ட வழிகள் கருதத்தக்கவை. பொறியை உருகிய மெழுகில் தோய்த்து, நீர் ஒட்டாமலும் துரு ஏறாமலும் செய்வர். உலர்ந்த மண்ணையும் உமியையும் இலையுதிர்காலத்திலேயே சேமித்து வைத்துப் பொறியைச் சுற்றி இடுவர். மிதிதட்டின்மேல் மெழுகுத்தாளைப் பரப்புவர். நீர்வாழ் விலங்குகளுக்கு, பனிக்கட்டியைத் துளைத்து, உறையாத நீருக்குள்ளேயே பொறியை இறக்குவர். காலைக் கவ்வும் இரும்புப் பொறி விலங்கிற்குப் பெருந்துன்பம் தருவதாகலின் ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் அதனைத் தடை செய்துள்ளது, அத்தடை முறையே. அவ்வேடர்களின் முன்யோசனையை மட்டும் நாம் கைக்கொள்ளலாம். பனிக்கு வேண்டிய உலர்மண்ணைப் பனி வருமுன்னரே அவர்கள் சேர்த்தார்கள்.

மீண்டும் நம் நகருக்கு வருவோம். பிளேக்கை ஒழிக்க அன்றைய ஆட்சியாளர் 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றினர். ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்திச் சோதித்தனர். வீடு புகுந்து தேடினர். மக்கள் உள்ளம் புண்பட்டது. புனாவில் பிளேக் அதிகாரி ராண்டு அவ்வாண்டு சூன் மாதத்தில் சுடப்பட்டதற்கு அக்கடுமையே காரணம். அடக்குமுறையால் நோயை ஒளிக்கும் பழக்கமே வளர்ந்தது. ஆனால் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டின் பணி நிலைத்த பயன் தந்தது. காற்றும் வெளிச்சமும் புகும் வண்ணம் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் வகுக்கப்பெற்ற நேரான வீதிகள் அதன் திட்டங்களே. நாம் மாட்டுங்காவில் கோயிலுக்கும் காய்கறிக்கும் பூவிற்கும் நடக்கும் தெருக்கள் எலிக்கு அஞ்சிய ஒரு தலைமுறை நமக்கு விட்டுச்சென்றவை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பிளேக் பழங்கதையாயிற்று என்று இருந்தபோது 1994 செப்டம்பரில் சூரத்தில் எழுந்த பிளேக் பீதி நாட்டையே நடுக்கியது. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும் ஒன்றாகி நம் தாராவியையும் சயானையும் மூழ்கடித்ததை நேரில் கண்டவர் நம்மிடையே பலர். வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டது. இன்றும் மாநகராட்சியின் எலி ஒழிப்புப் பணியாளர் கைவிளக்கும் தடியும் ஏந்தி இரவெல்லாம் சந்துகளில் திரிகின்றனர். நாம் உறங்கும் வேளையில் அவர்கள் விழித்திருக்கிறார்கள்.

அவர்களால் மட்டும் ஆவதன்று. ஒரு வீட்டார் பொறி வைத்து, அடுத்த வீட்டார் குப்பையை வாயிலில் குவித்தால், எலி இடம் மாறுமேயன்றிக் குறையாது. ஆகையால் எங்கள் கட்டடத்தார் கூடி ஆறு கூண்டுகள் வாங்கியுள்ளோம். ஞாயிறுதோறும் ஒரு வீட்டார் அவற்றை வெந்நீரில் கழுவி, துணியால் துடைத்து உலர்த்தி, கீலிலும் வில்கம்பியிலும் தேங்காயெண்ணெய் இடவேண்டும் என்பது ஏற்பாடு. அடிப்பலகைக்கு மாற்றாகத் தகரம் அடித்தாயிற்று. மழைநாட்களில் கூண்டைத் தரையில் வையாது செங்கல்லின்மேல் வைக்கிறோம். இரைக்குப் பொரியை விடுத்து வறுத்த தேங்காய்க் கீற்றைக் கோக்கிறோம். அது எளிதில் நமுப்பதில்லை. அகப்பட்ட எலியையும் கூண்டையும் வெறுங்கையால் தொடலாகாது என்று சிறுவர்க்குச் சொல்லிவைத்துள்ளோம்.

நோயுற்றுத் தேறிய அப்பையனுடைய வீட்டாரின் முறை முதல் ஞாயிறன்றே வந்தது. கூண்டுகளை எண்ணி வாங்கி, எண்ணெய்க் கிண்ணத்துடன் அவன் தந்தையார் படிக்கட்டில் அமர்ந்து துடைத்தார். நானும் என் பழைய கூண்டை எடுத்துச் சென்று அவரருகில் அமர்ந்தேன். துருவைத் தேய்த்தெடுக்க ஒரு முற்பகல் பிடித்தது. இப்போது அதன் கதவு விழுகிறது.

அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. அன்பர்கள் தத்தம் பரண்களை இன்றே ஒருமுறை பார்ப்பார்களாக.