முல்லை ஏன் முதலில் நின்றது? திணை வரிசையும் நாகரிகப் படிநிலைக் கொள்கையும்

சங்க இலக்கியத்தின் ஐந்திணைப் பாகுபாட்டில் மனித நாகரிகம் வளர்ந்த வரலாறே பதிவாகியிருக்கிறது என்னும் கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் பி. தி. சீனிவாச ஐயங்கார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுத் துறையில் பணியாற்றிய அவர், 1929இல் வெளிவந்த தமிழர் வரலாற்று நூலிலும் அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஆரியருக்கு முற்பட்ட தமிழ்ப் பண்பாடு’ பற்றிய சொற்பொழிவுகளிலும் இதை விரித்துரைத்தார். ஆதி மனிதன் குறிஞ்சியில் வேட்டையாடினான். முல்லைக்கு இறங்கி ஆநிரை மேய்த்தான். மருதத்தில் ஏர் பூட்டி ஊரும் அரசும் கண்டான். அந்தந்த நிலம் அந்தந்த வாழ்க்கையைப் பிறப்பித்தது, அந்த வாழ்க்கையிலிருந்தே அந்தந்த ஒழுக்கம் பிறந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். பின்வந்தோர் இதைத் திருத்தினார்கள். ஆனால் அடித்தளத்தில் கை வைத்தவர்கள் குறைவு. திணை என்பது முதலில் நிலம், பிறகுதான் ஒழுக்கம் என்ற அவருடைய முன்னெடுகோள் அநேகமாக அப்படியே நிற்கிறது. இக்கட்டுரை கேள்வி எழுப்புவது அந்த முன்னெடுகோளைப் பற்றித்தான்.

ஐயங்காரின் வாதத்துக்கு இருந்த கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தமிழிலக்கியத்தைப் புராணக் கதைகளிலிருந்து விடுவித்து மண்ணோடும் தொழிலோடும் சேர்த்துப் படித்த முன்னோடி அவர். மேலும், நிலமே மனிதனை உருவாக்குகிறது என்பது அக்காலத்தின் பொதுச் சிந்தனை. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், மலையுச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கை நெடுக வெட்டிக் காட்டி, அதன் மேல் மரம் வெட்டுபவன், வேடன், இடையன், உழவன், மீனவன் என வரிசையாக நிறுத்தி ஒரு படம் வரைந்திருந்தார். அவர் தமது நகரமைப்புக் கண்காட்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, அதை ஏற்றிவந்த கப்பலை 1914இல் மூழ்கடித்தது சென்னையின் மேல் குண்டு வீசிய அதே எம்டன்தான். பொருள்களை மறுபடி திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்கள். ஐயங்கார் கெடிஸிடமிருந்து கடன் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படத்தின் வேடனையும் இடையனையும் உழவனையும் மீனவனையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தலில் வைத்துப் பார்க்க அன்றைய வாசகருக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. ஐயங்காரின் விளக்கம் கேள்வியின்றி ஏற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

இனி மூலநூலுக்கு வருவோம். தொல்காப்பிய அகத்திணையியலில் திணைகள் இரண்டு வெவ்வேறு வரிசைகளில் நிற்கின்றன; படிநிலைக் கொள்கை இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை. நிலங்களைத் தெய்வங்களோடு சேர்த்துச் சொல்லும் நூற்பாவில் மாயோனுடைய காடு முதலில் வருகிறது. சேயோனுடைய மலை அடுத்து. பிறகு வேந்தனுடைய வயலும் வருணனுடைய கடற்கரையும். இங்கே முல்லையே முதல். நிலங்கள் நான்குதான், பாலைக்கு இடமே இல்லை. மாறாக, உரிப்பொருள்களை எண்ணும் நூற்பா புணர்தலில் தொடங்கிப் பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று செல்கிறது. திணைப்பெயரில் வைத்துப் பார்த்தால் இது குறிஞ்சி, பாலை, முல்லை, நெய்தல், மருதம். அதாவது, குறிஞ்சி முதலில் நிற்பது நில வரிசையில் அன்று, காதலொழுக்க வரிசையில். கூடியவர் பிரிவதும், பிரிந்தவரை எண்ணிக் காத்திருப்பதும், ஆற்றாமல் இரங்குவதும், வந்தவரோடு ஊடுவதுமாகிய மனித உறவின் படிகள் அவை. வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு மனிதன் நடந்த வழி என்று ஐயங்கார் கண்டதற்குத் தொல்காப்பியத்தில் ஆதாரம் தேடினால், கிடைப்பது காதலர் இருவர் நடந்த வழிதான்.

வெறும் பட்டியல் வரிசையை வைத்து இத்தனை பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எந்தப் பட்டியலும் காலவரிசையாக இருந்தாக வேண்டியதில்லை. அப்படியானால் குறிஞ்சியை முதலில் வைக்கும் உரிமையும் ஐயங்காருக்கு மூலத்திலிருந்து கிடைப்பதில்லை. வரிசைக்குக் காரணம் சொன்ன பழைய உரையாசிரியரோ நிலத்தின் பக்கம் போகவே இல்லை. முல்லை முதலில் வைக்கப்பட்டதற்கு நச்சினார்க்கினியர் தரும் காரணம், கணவன் வரும்வரை இல்லிருந்து அறம் செய்யும் கற்பின் சிறப்பு. இன்றைய வாசகருக்கு அது உவப்பாக இல்லாமல் போகலாம். ஆனாலும் மனித ஒழுக்கத்தைக் கொண்டு நிலத்தை வரிசைப்படுத்தும் மனப்போக்குக்கு அது நேரடிச் சான்று. தொகுப்பாசிரியர்களும் தத்தம் போக்கில் சென்றார்கள். ஐங்குறுநூறு மருதத்தில் தொடங்குகிறது, கலித்தொகை பாலையில். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. நிலமே ஒதுக்கப்படாத திணைக்குத் தொகையில் சரிபாதி. இதைவிட முக்கியமானது திணைமயக்கம் பற்றிய விதி. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று அகத்திணையியல் அனுமதிக்கிறது. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியனவாகக் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பூ இடம் மாறலாம், பறவை இடம் மாறலாம், பொழுதுகூட மாறலாம். மாறக் கூடாதது மனித ஒழுக்கம் ஒன்றே. நிலம் மனிதனை உருவாக்குகிறது என்று நம்பிய ஒருவர் இப்படி விதி செய்திருக்க மாட்டார்.

இலக்கணத்தை விட்டுக் கல்லுக்கு வந்தாலும் படிநிலை நிற்பதில்லை. தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டிக்கு அருகே, வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் 2006இல் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று முழுமையானது. மூன்றே வரி: முதல் வரியில் ‘கல்’ மட்டும், அடுத்ததில் பேடு தீயன் அந்தவன் என்னும் பெயர், மூன்றாவதில் கூடல் ஊர் ஆகோள். கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த அந்தவனின் கல் என்பது பொருள். உருவமில்லை, அரசன் பெயரில்லை, ஆண்டில்லை. எழுத்தமைதியை வைத்துக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் 2ஆம் நூற்றாண்டு வரை பலவாறு காலம் கணிக்கிறார்கள்; இதை இன்னும் இறுக்கிப் பிடிக்க வழியில்லை. கூடலூர் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூர்தானா என்பதும் உறுதிப்படவில்லை. இருந்தும் இந்த மூன்று வரி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. கவரப்பட்ட ஆநிரை முல்லைக்குரிய செல்வம். ஆகோள் தொல்காப்பியத்தில் வெட்சித் துறை. வெட்சியோ குறிஞ்சிக்குப் புறன். அது நிகழ்ந்ததோ பெயர் பெற்ற ஓர் ஊரில். நினைவுகூரத்தக்க வீரனுக்கு எழுத்துப் பொறித்துக் கல் நடும் அளவுக்கு அங்கே எழுத்தறிவும் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த யுகங்களாக ஐயங்கார் பிரித்து வைத்தவை ஒரே சம்பவத்தில் ஒன்றாக நிற்கின்றன.

ஒரு கல்லை வைத்துக் கொள்கையைச் சாய்க்க முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். துணைக்குப் பொருந்தலைச் சொல்வேன். பழனிக்கு அருகே, மேற்கு மலையடிவாரத்தில் அமைந்த அவ்வூரின் ஈமக்குழியில் நாற்கால் சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கரிமக் கணிப்பு அதைக் கி.மு. 490 அளவில் வைக்கிறது. அந்தக் காலப்பகுதியில் கரிம அளவுகோல் தட்டையாகிவிடுவதால் நூறாண்டு இருநூறாண்டு முன்பின் ஆகலாம். அப்போதும் மலையடியில் நெல் இருந்தது என்ற செய்தி மாறாது. நொய்யல் கரையில் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டு, இரும்பும் உருக்கிய கொடுமணலோ எந்தப் படியிலும் அடங்காது. கா. சிவத்தம்பி 1974இல் ‘சோசியல் சயின்டிஸ்ட்’ இதழில் எழுதிய திணைக் கட்டுரையில் ஐந்திணையைச் சமகாலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சி நிலைகளாக விளக்கினார். ஐயங்காரின் ஏணியைத் தரையில் கிடத்தியது பெரிய முன்னேற்றம். ஆனால் அவரும் திணையைப் பொருளாதார வட்டாரமாகத்தான் கொண்டார். உரிப்பொருள் அந்த வட்டாரத்தின் விளைவாகவே நின்றுவிட்டது.

அப்படியானால் மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் நில வரிசை எங்கிருந்து வந்தது? தமிழ் மரபுக்குள்ளேயே அதற்கு ஓர் இடைக்கண்ணி இருக்கிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம், பொதுவாகக் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் வைக்கப்படும் நூல், நிலங்களை வரை, சுரம், புறவு, பழனம், திரை என்று ஐந்தாக எண்ணுகிறது. இங்கே மலைதான் முதல். பாலைக்கும் சொந்த நிலம் கிடைத்துவிட்டது, அதுவும் இரண்டாம் இடத்தில். கடைசி இரண்டின் இடமாற்றத்தை விட்டுவிட்டால், இது தொல்காப்பியத்தின் காதலொழுக்க வரிசையேதான். ஒழுக்கத்துக்கு இருந்த வரிசை நிலத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று இதை நான் படிக்கிறேன். அந்த ஏற்றம் எப்போது நடந்தது என்பது எளிதில் தீராத சிக்கல். தொல்காப்பியத்தின் காலத்தையே கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலிருந்து கி.பி. 5ஆம் நூற்றாண்டு வரை இழுப்பவர்கள் உண்டு. நடுவில் சிலப்பதிகாரக் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை வடிவம் கொள்ளும் என்று விளக்குகிறது. அங்கே பாலை நிலமும் அன்று, வெறும் ஒழுக்கமும் அன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமை. நம்பியின் தனி நிலத்துக்கு அது முந்திய கட்டம் என்று கொள்ளத் தோன்றுகிறது. சிலம்பின் காலமும் வழக்கில் இருப்பதால் அழுத்திச் சொல்வதற்கில்லை.

இந்த விளக்கத்துக்கு எதிராக வலுவான தடை ஒன்று உண்டு; அதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. அக இலக்கணம் நிலத்தை இறுக்கிக்கொண்டே வந்தது என்றால், புற இலக்கணம் எதிர்த்திசையில் போனது ஏன்? தொல்காப்பியத்தில் ஒவ்வொரு புறத்திணையும் ஓர் அகத்திணைக்குப் புறனாக நிற்கிறது. வெட்சியைக் குறிஞ்சியோடு சேர்ப்பதற்கு நச்சினார்க்கினியர் களவையும் இரவுப்பொழுதையும் காரணம் காட்டுகிறார். புறப்பொருள் வெண்பாமாலையிலோ வெட்சி வேறு, கரந்தை வேறு. போர்முறைகளே வரிசை அமைக்கின்றன. அகத்தோடு இருந்த பிணைப்பு தளர்ந்துவிட்டது. நிலத்தோடு இருந்த தொடர்பு ஒழுக்க ஒற்றுமையால் மட்டுமே தாங்கப்பட்டிருந்ததால், போர்முறை மாறியதும் அது எளிதில் அறுந்தது என்பது நான் தரக்கூடிய விடை. நடுகல் மரபு அதன் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் செழித்திருந்ததையும், செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்களில் ஆநிரைப் பூசல் தொடர்ந்து பேசப்படுவதையும் பார்க்கும்போது, அந்த விடை போதாது. இலக்கணம் கைவிட்ட பிணைப்பு ஊர்வழக்கில் நீடித்ததா என்பதை அந்தக் கற்களை இடவாரியாக, மேய்ச்சல் நிலங்களோடு வைத்துப் பார்த்தே சொல்ல முடியும்.