நோய் தீராவிட்டாலும் மனம் தேறலாம்

நோய் நீங்க வேண்டித் திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் என்றைக்கும் உண்டு. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதமிருந்து கோயிலிலேயே தங்குகிறவர்களையும், பன்னீர் இலை விபூதியைப் பத்திரமாக ஊருக்கு எடுத்துச் செல்கிறவர்களையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த விபூதியின் பெருமையைச் சொல்வது சுப்பிரமணிய புஜங்கம். ஆதிசங்கரர் இத்தலத்தில் பாடியது என்பது மரபு. அதில் வரும் நோய்ப் பட்டியலில் குட்டம், சயம், மூலம், காய்ச்சல், நீரிழிவு வகையான பிரமேகம் ஆகியவற்றோடு சித்தப்பிரமையும் இருக்கிறது. உடல் நோயும் மன நோயும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

நவீன மருத்துவம் இரண்டையும் பிரித்தது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒரு டாக்டர். "வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா?" என்ற கவலைக்கு யாரிடம் போவது?

இதற்கு ஒரு விடை, ஒரு காலத்தில் தமிழர்கள் பிழைப்புக்காகக் கப்பலேறிய ரங்கூனிலிருந்து வந்தது. பர்மாவில் பிறந்த இந்திய வணிகர் எஸ்.என். கோயங்கா, ஒற்றைத் தலைவலிக்குப் பல நாடுகளில் வைத்தியம் பார்த்தும் குணமாகாமல், 1955-இல் ஊ பா கின் என்பவரிடம் விபாசனா தியானம் கற்கப் போனார். தலைவலியைப் போக்க மட்டும் வந்தால் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார் குரு. மனம் தெளிவதே நோக்கம், வலி குறைந்தால் அது உபரிப் பலன் என்பது அவர் கருத்து. கோயங்கா 1969-இல் இந்தியா வந்து இப்பயிற்சியைக் கற்பிக்கத் தொடங்கினார்.

பத்தாண்டுகள் கழித்து, 1979-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின், பௌத்த தியானத்தை மதச் சார்பில்லாத பயிற்சியாக்கி நோயாளிகளுக்குக் கற்பித்தார். இதைத்தான் இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்கள். படுத்த நிலையில் கால் விரல் முதல் தலை வரை உடலைக் கவனித்து வர வேண்டும். வலி வந்தால் வலி என்று அறிய வேண்டும். "இனி என்ன ஆகுமோ" என்ற எண்ணம் வந்தால் அதை எண்ணம் என்று அறிந்து, மூச்சுக்குத் திரும்ப வேண்டும். வலி ஒன்று, வலியைப் பற்றிய பயம் வேறு என்று பழகப் பழகப் பிடிபடும்.

1982-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் குணமாகாத நாட்பட்ட வலியுள்ள 51 பேர் இருந்தனர். பத்து வாரப் பயிற்சிக்குப் பின் 65 சதவீதத்தினருக்கு வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத குழு அதில் இல்லை. 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அப்படி ஒப்பிட்டுச் செய்த எட்டு ஆய்வுகளைத் தொகுத்தனர். நாட்பட்ட நோயாளிகளின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆனால் சிறிய அளவிலேயே. ஆகவே இது மருந்துக்கு மாற்று அல்ல, மருந்துக்குத் துணை.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும் நாம், மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்கலாம். காலையில் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காரச் செலவில்லை. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தியானத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.