கைதானவர் எங்கே?

பிழைப்பு நாடி வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் ஒருவரைக் காவலர் அழைத்துச் சென்றுவிட்டால், அவர் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்குச் சட்டத்தில் தெளிவான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பிடியாணையின்றிக் கைதானோரின் விவரத்தை நிலைய அதிகாரி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் மேலே சென்றது. வாசலில் காத்து நின்ற மனைவிக்கு அதனால் பயனில்லை.

1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியிலிருந்த டி. கே. பாசு, காவலில் நேர்ந்த மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி, உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில்! கைதானவர் பற்றியும் அவர் வைக்கப்பட்டுள்ள இடம் பற்றியும் 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, அங்கே பலரும் காணும் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. 2010 நவம்பரில் பெயர்ப்பலகை சட்டத்திலேயே இடம்பெற்றது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் காட்சிக்கு வைத்தல் வேண்டும். மின்னணு முறையிலும் வைக்கலாம்.

பலகை பெரும்பாலும் அவ்வூர் எழுத்திலேயே இருக்கும்; படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரை உடனழைத்துச் செல்வது நலம். பெயர் காணாவிடில், அருகிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை அங்கே நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு.