பதனிட்ட தோலும் சிதறிய கதிரும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹுப் பாடம் ‘தஹாரத்’ எனும் தூய்மை இயலில்தான் தொடங்குகிறது. அவ்வியலில் ‘திபாகத்’, அதாவது தோல் பதனிடுதல் பற்றிய சிறு பகுதியொன்று உண்டு. செத்த பிராணியின் தோல் பதனிடப்பட்டால் தூய்மையாகும். நாயும் பன்றியும் விலக்கு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். கருவேலங்காய், மாதுளந்தோல் போன்ற துவர்ப்புப் பொருள்களால் தோலின் கசிவுகள் நீக்கப்பட வேண்டும். பின்னர் அதை நீரில் ஊறவைத்தாலும் அழுகலும் நாற்றமும் திரும்பக் கூடாது. வெயிலில் உலர்த்துவதும் மண்ணைத் தூவுவதும் போதா. (ஹனஃபி மத்ஹபில் இவையும் ஏற்கப்படும்.)

“வெயில் ஏன் போதாது?” ஈரோட்டுத் தோல் ஆலைகளை அறிந்த கொங்குநாட்டு மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நம் நூல்கள் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையைச் சொல்கின்றன. தோலுக்குள் நிகழ்வது என்ன என்பதற்கான விடையின் முக்கியமான பகுதி 1950களில் நம் சென்னையிலேயே கண்டறியப்பட்டது.

ராண்ட்ஜன் 1895இல் கண்ட கதிருக்கு, அதன் இயல்பு தெரியாமையால், ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அரபியில் அது ‘அல்அஷிஆ அஸ்ஸீனிய்யா’. அறியாத எண்ணைக் குறிக்க அரபுக் கணிதம் ‘ஸீன்’ எழுத்தை வழங்குவதே காரணம். 1912இல் லவே என்பார் வழிகாட்ட, அக்கதிர் படிகத்தினுள் செலுத்தப்பட்டது. அணுக்கள் வரிசையாக நிற்பதால், அவற்றில் பட்டுச் சிதறிய அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தின. பிற திசைகளில் அழித்துக்கொண்டன. தகட்டில் புள்ளிகள் பதிந்தன. அப்புள்ளிகளின் கோணத்திலிருந்து அணுவடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிடும் விதியைத் தந்த பிராக் தந்தைக்கும் மகனுக்கும் 1915இல் நோபல் பரிசு கிட்டியது. நெருங்கிய அடுக்குகள் பெருங்கோணத்திலும், அகன்ற இடைவெளிகள் சிறுகோணத்திலும் கதிரைச் சிதறச் செய்யும். தோலிலும் தசைநாணிலும் உள்ள ‘கொலாஜன்’ எனும் புரத இழைகளில் ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒருமுறை அமைப்பு மீண்டும் வருவதைச் சிறுகோணச் சிதறலே காட்டிற்று.

ஆனால் அவ்விழையின் உள்ளமைப்பு புதிராகவே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைமையை 1952இல் ஏற்ற ஜி.என். இராமச்சந்திரனிடம், அங்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால் அப்புதிரை எடுத்துரைத்தார். கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜன் மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதினார். அவை கயிற்றின் மூன்று புரிகளைப்போல் ஒன்றையொன்று சுற்றி முறுகியவை என்று 1955இல் திருத்தி எழுதினார். சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் ‘கிளைசின்’; கயிற்றின் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் அடங்கும் அளவுக்குச் சிறியது அது ஒன்றே.

அதே ஆண்டில் ரிச்சும் கிரிக்கும் மறுப்பெழுதினர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன. மூன்று கண்ணிகளுக்கு இரண்டல்ல, ஒரே ஹைட்ரஜன் பிணைப்புதான் என்றனர். கொலாஜனைப் போன்ற ஒரு சிறு புரதத்தின் படிகம் 1994இல் ஆராயப்பட்டபோது இரு தரப்புக்கும் நீதி கிடைத்தது: முப்புரிக் கயிறு என்ற சென்னையின் கருத்து மெய், பிணைப்பின் எண்ணிக்கையில் மறுத்தவர் கூற்றே மெய்.

இராமச்சந்திரன் மறுப்பை வெறுத்து ஒதுக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆய்வாக்கினார். அவரும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’ அதன் கனி. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் சரியா என்று இன்றும் அதைக் கொண்டே சோதிக்கின்றனர். 2001இல் அவர் மறைந்தார்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். வெயில், புரிகளுக்கிடையே உள்ள நீரை மட்டுமே போக்குகிறது. மீண்டும் நனைந்தால் நீர் உட்புகும், அழுகலும் தொடங்கும். கருவேலங்காயிலும், நம் கொங்கு மேட்டுநிலங்களில் விளையும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்தோ இழைகளுக்கிடையே பிணைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. நனைத்தாலும் தோல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊறவைத்துப் பார்க்கும் சோதனை எத்துணைப் பொருத்தமானது என்பது இப்போது விளங்குகிறது.

ஆயினும் ஃபுகஹாக்கள் கொலாஜனை அன்றே அறிந்திருந்தனர் என்று நாம் பெருமை பேசலாகாது. அவர்கள் தொழிலாளியின் கைவினையைக் கூர்ந்து கண்டு ஒரு சோதனையை வகுத்தனர். அச்சிறப்பே அவர்களுக்குப் போதும். இல்லாததை ஏற்றிச் சொல்வது அமானிதத்துக்கு மாறானது.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் (1919), உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் (1924) தோல் வணிகர்களின் கொடையால் எழுந்தவை. தோலால் வாழ்ந்து தோலால் கல்வி வளர்த்த சமுதாயம், தன் பக்கத்து நகரில் அத்தோலின் மர்மம் அவிழ்ந்த வரலாற்றைத் தன் பாடத்தில் சேர்க்காதது குறையே. ‘திபாகத்’ பகுதியை நடத்தும் நாளில் ஆசிரியர்கள் கிண்டியின் கதையையும் சொல்லட்டும்; மறுப்பைக் கேட்டு வளர்ந்த ஓர் அறிஞரின் பண்பும் அதனுடன் சேர்ந்து மாணவர் உள்ளத்தில் பதியும்.