கல்குடாப் பிரதேசமும் சிறுகதையின் மொழியும்

சிறுகதை சொற்சிக்கனத்தால் உயிர்வாழும் இலக்கிய வடிவமாகும். நாவலாசிரியன் பல பக்கங்களில் நிறுவும் ஊரையும் குடும்பத்தையும் சிறுகதையாசிரியன் சில வரிகளிலேயே நிறுவவேண்டியவனாகின்றான். இச்சிக்கனத்தை எங்ஙனம் எய்துவது என்னும் வினாவுக்குக் கிழக்கிலங்கையின் கல்குடாப் பிரதேசத்திலிருந்து கிடைக்கும் விடை நோக்கற்பாலது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே அமைந்த கல்குடாவும், அதனை அடுத்துள்ள வாழைச்சேனை, ஓட்டமாவடி, மீராவோடை முதலிய ஊர்களும் கடலையும் களப்பையும் வயலையும் நம்பி வாழ்வன. தமிழரும் முஸ்லிம்களும் இங்கு அயலவராக வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டில் வாழைச்சேனையில் தொடங்கப்பட்ட ஆலை வைக்கோலிலிருந்து காகிதம் செய்தது. காகிதம் செய்த ஊராயினும், அங்கு எழுதப்பட்ட கதை அச்சேறுவதற்குக் கொழும்பு நாளேடுகளையும் யாழ்ப்பாணத்துச் சஞ்சிகைகளையுமே நாடவேண்டியிருந்தது. ஆகவே, தன் ஊர்ப் பேச்சை அறியாத வாசகனுக்கு அவ்வூர் வாழ்வை உணர்த்துவதே இப்பிரதேச எழுத்தாளன் எதிர்கொண்ட முதற் சவாலாயிற்று.

1930களில் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் ஈழத்துச் சிறுகதைக்கு அடித்தளமிட்டனர். 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் எழுந்தபோது, பேச்சுமொழியைப் படைப்பில் கையாள்வது இழிசனர் வழக்கைப் புகுத்துவதாகுமெனப் பண்டித மரபினர் சாடினர். முற்போக்காளரோ உழைக்கும் மக்களின் வாழ்வை அவர்தம் மொழியிலேயே கூறவேண்டுமென வாதிட்டனர். கிழக்கில், மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' 1962இலும், மட்டக்களப்பில் ஆசிரியப் பணியாற்றிய எஸ். பொன்னுத்துரையின் 'வீ' 1966இலும் நூலுருப் பெற்றன.

அவ்விவாதம் பெரிதும் யதார்த்தம், சமூக மதிப்பு ஆகியன பற்றியே நிகழ்ந்தது. எனினும், சிறுகதையைப் பொறுத்தவரை அது வடிவம் பற்றிய பிரச்சினையுமாகும். 'வாப்பா', 'ராத்தா' என்னும் விளிகளுள் ஒன்று உரையாடலில் வந்தவுடன் அது எவர் வீடு என்பது புலனாகிவிடுகின்றது. பாத்திரத்தை அறிமுகஞ் செய்யும் பந்தி தேவையற்றுப் போகின்றது. 'பின்னர்' என்னுமிடத்து ஒரு பெண் 'மறுகா' என்பாளாயின், அவள் மட்டக்களப்பு மண்ணைச் சேர்ந்தவளென்பதை ஆசிரியன் தனியே கூறவேண்டியதில்லை. பிரதேச வழக்கு கதைக்குப் பூட்டிய அணியன்று. கதையைச் சுருக்கும் கருவியாகும்.

மீராவோடையைச் சேர்ந்த எஸ். எல். எம். ஹனீபா இதற்குத் தக்க சான்றாவார். 1992இல் வெளிவந்த இவரது தொகுதியின் பெயர் 'மக்கத்துச் சால்வை'. ஏட்டு வழக்கிலுள்ள 'மக்கா' இங்கு மக்கள் நாவில் வழங்கும் 'மக்கம்' ஆகின்றது. புனித பூமியிலிருந்து வந்த ஒரு துணிக்கு ஊரார் அளிக்கும் மதிப்பு முழுவதையும் அத்தலைப்பே தாங்கிநிற்கின்றது. ஒரு பந்தியில் விளக்கவேண்டியதை ஒரு சாரியையேற்ற சொல் நிறைவேற்றிவிடுகின்றது.

இக்கருவியைக் கையாள்வதில் இடரும் உண்டு. வட்டாரச் சொற்கள் மிகின், அயற்பிரதேச வாசகன் அகராதி தேடுவான். கதை மொழிக் காட்சிச்சாலையாகிவிடும். அடிக்குறிப்பு வேண்டிநிற்கும் சொல் சிக்கனத்தைத் தருவதன்று. மேலும் ஒரு வரியைச் செலவிடச் செய்வதே. கதையின் சூழலிலிருந்தே தன் பொருளை உணர்த்தும் சொல்லைத் தேர்வதிலேதான் எழுத்தாளனின் திறன் தங்கியுள்ளது.

போர்க்காலம் வேறொரு நெருக்கடியைக் கொணர்ந்தது. ஒருவரை இன்னார் என உடனே காட்டும் அதே சொல், அயலவர் பகைவராகப் பார்க்கப்பட்ட நாட்களில் அச்சத்துக்கும் ஏதுவாயிற்று. கல்முனையைச் சேர்ந்த உமா வரதராஜன் 'அரசனின் வருகை'யில் ஊரும் பெயரும் சுட்டாத உருவகப் பாங்கை மேற்கொண்டமை, இச்சூழலில் எழுத்தாளன் நாடக்கூடிய மற்றொரு வழியைக் காட்டுகின்றது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009இல் முடிவுற்ற போரும் இக்கரையோரத்தில் சொல்லப்படவேண்டிய பல கதைகளை விட்டுச்சென்றுள்ளன. அவற்றை எழுதுவோருக்கு நிகழ்ச்சிகளின் பெருமை மட்டும் போதாது. களப்பின் இரு சமூகத்தினரும் ஒருவரையொருவர் விளிக்கும் சொற்களை அவர்கள் செவிமடுத்தல் வேண்டும். அவ்விளிகளை இழந்த கதை எவ்வூர்க் கதையாகவும் இருக்கலாம், கல்குடாவின் கதையாகாது.