குன்றக் கூறலும் ஒரு படகுப் பொறியும்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி மீண்டும் பூட்டுக என்று பொருள்படும் ஒரு தொடர், 20ஆம் நூற்றாண்டின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வருவது. ஒரு பொறியைக் கழற்றும் முறையைப் படிப்படியாக விளக்கும் கையேடு, பூட்டும் முறைக்கு வந்ததும் இவ்வொரு தொடரோடு முடித்துக்கொள்ளும். நன்னூல், நூலுக்குரிய அழகுகள் பத்தனுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலையும், குற்றங்கள் பத்தனுள் முதலாவதாகக் குன்றக் கூறலையும் வைக்கிறது. மேற்கண்ட தொடர் இவற்றுள் எதன்பாற்படும்? ஸ்டெர்ன்டிரைவ் என்னும் படகு இயக்கமைப்பின் வரலாறு இவ்வினாவிற்கு விடைதரக்கூடியது.

1950களின் இறுதிவரை, விசைப்படகு வாங்குவோர்முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, இன்போர்டு: பொறி படகின் உள்ளே இருக்கும், அதன் தண்டு அடிப்பகுதியைத் துளைத்து நீருக்குள் செல்லும். வலிமை மிக்கது, ஆயின் ஆழமற்ற நீரில் உந்தியை மேலே தூக்க இயலாது. மற்றொன்று, அவுட்போர்டு: பொறி முழுவதும் படகின் பின்பலகையில் தொங்கும். தூக்கலாம், திருப்பலாம், ஆயின் அக்காலத்தில் அதன் ஆற்றலுக்கு எல்லை இருந்தது. ஸ்டெர்ன்டிரைவ் இவ்விரண்டையும் இணைத்தது. பொறி உள்ளே, உந்தியும் பற்சக்கரங்களும் வெளியே. விசை பின்பலகையைக் கடந்து, கீழ்நோக்கித் திரும்பி, மீண்டும் பின்னோக்கித் திரும்பி உந்தியை அடையும்.

இதன் பிறப்பு ஒரு பூசலோடு தொடர்புடையது. மெர்குரி அவுட்போர்டுகளை உருவாக்கிய கார்ல் கீக்ஹேஃபரின் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் ஸ்ட்ராங், ஜிம் வின் என்னும் இரு பொறியாளர்களின் பெயர்கள் இதன் தொடக்கத்தில் பேசப்படுகின்றன. கீக்ஹேஃபர் அக்கருத்தில் முதலில் ஆர்வம் காட்டவில்லை. நிறுவனத்தைவிட்டு விலகிய வின், மயாமியில் ஒரு முன்மாதிரியை உருவாக்கி, சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனத்தை அணுகினார். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அந்நிறுவனம் அதனை அக்வமேட்டிக் என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. 1961இல் கீக்ஹேஃபரின் நிறுவனமும் மெர்க்ரூசர் என்னும் பெயரில் தன் ஸ்டெர்ன்டிரைவைக் கொணர்ந்தது. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பது நெடிய சட்டப் பூசலாயிற்று. பொறியின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் முதன்மை பெறுவது இந்தக் கதையே.

ஆயின் அப்பொறி அன்றாடம் உயிர்வாழ்வது ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தால். இம்பெல்லர் எனப்படும் அது, வெளியிலிருந்து நீரை இழுத்துப் பொறியைக் குளிர்விக்கும் பம்பின் உள்ளே சுழல்வது. அதன் இதழ்கள் மையம் விலகிய கூட்டுக்குள் வளைந்தும் நிமிர்ந்தும் நீரை உந்துகின்றன. அந்நீரே அவ்விதழ்களுக்கு மசகும் ஆகிறது. உலர்ந்த நிலையில் ஓடினால் சிறிது நேரத்திலேயே அவை சிதையும். ஆகவே இம்பெல்லர் தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு. குறித்த கால இடைவெளியில் மாற்றப்பட வேண்டியது.

அது எங்கே அமைகிறது என்பதிலும் வரலாறு படிந்திருக்கிறது. மெர்க்ரூசரின் ஆல்ஃபா வகையில் பம்பு கீழ்ப் பற்சக்கரக் கூட்டின் மேல் அமர்ந்திருக்கும். இது அவுட்போர்டுகளின் மரபு. வால்வோ பென்டாவின் அமைப்புகளில் பம்பு படகினுள்ளே பொறியோடு இணைந்திருக்கும். மெர்க்ரூசரின் பிராவோ வகையிலும் அது பொறிக்கு இடம்பெயர்ந்தது. ஆல்ஃபாவில் இம்பெல்லரை மாற்ற விரும்புவோர் மேற்கூட்டையும் கீழ்க்கூட்டையும் பிரித்தே ஆகவேண்டும். அதனால்தான் மீண்டும் பூட்டுதல் அங்கே பெரும்பணியாகிறது.

அப்பணியைத் தலைகீழ் வரிசை என்று சொல்ல இயலுமா என்பதைப் பார்க்கலாம். பழைய இம்பெல்லர் வளைந்த இதழ்களோடு வெளியே வரும். புதியது நிமிர்ந்த இதழ்களோடு உள்ளே செல்லும். பம்பின் மேல்மூடியை அழுத்தும்போதே தண்டை அதன் இயல்பான சுழற்சித் திசையில் திருப்பினால்தான் இதழ்கள் சரியான பக்கம் வளையும். பழையதில் ஓர் இதழ் உடைந்திருந்தால், அத்துண்டு நீர்வழியில் எங்கோ தங்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காவிடில் புதிய இம்பெல்லராலும் பயனில்லை. பழைய கேஸ்கெட்டுகளும் ஓ-வளையங்களும் திரும்பச் செல்வதில்லை. தண்டின் வரிப்பற்கள், கியர் மாற்றும் தண்டு, நீர்க்குழாய் ஆகியவை ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் அமர வேண்டும்.

டிரைவ் முழுவதையும் பின்பலகையிலிருந்து கழற்றியிருந்தால் பணி மேலும் நீளும். நேர்ப்படுத்தும் கோலைச் செருகிப் பொறி நேராக நிற்கிறதா என்று காண வேண்டும்; இப்படி கழற்றும்போது இல்லாதது. கியர் முன்னோக்கு நிலையில் இருத்தல் வேண்டும். யுனிவர்சல் ஜாயின்டைச் சூழ்ந்த ரப்பர் உறையில் கிழிசல் இருந்தால் அதுவும் மாற்றத்தக்கது; அதனைக் கவனியாது விட்டால், கட்டிவைத்த படகே நீர் புகுந்து மூழ்கக்கூடும். நீர்க்குழாய் அமராது விட்டால், கரையினின்று விலகியபின் பொறி கொதிக்கும். இவை எவையும் கழற்றிய வரிசையைத் திருப்பிப் படிப்பதால் கிடைப்பன அல்ல.

எனினும் அத்தொடரை எழுதியோரை அறியாமை உடையோர் எனல் பொருந்தாது. தொடக்ககாலக் கையேடுகள் பயிற்சிபெற்ற பணிமனைத் தொழிலாளரை நோக்கியவை. அவ்வாசகருக்குச் சொல்லாமல் விட்டவை ஏற்கெனவே தெரியும். ஆதலின் அவருக்கு அது சுருங்கச் சொல்லலே. பொறியின் உரிமையாளர் தாமே பழுதுபார்க்கும் வழக்கம் பெருகி, கையேடு அவர் கைக்கு வந்தபோது வாசகர் மாறினார், தொடர் மாறவில்லை. 1966இல் இங்கிலாந்தில் முதல் நூலை வெளியிட்ட ஹேன்ஸ் கார்க் கையேடுகள், பொறியை உண்மையிலேயே பிரித்துப் பூட்டிப் பார்த்து, பொதுவாசகருக்கென எழுதப்பட்டவை. அவற்றிலும் இத்தொடர் நிலைத்து, வாசகரிடையே நகைச்சுவைப் பொருளாகவும் ஆயிற்று. அழகு குற்றமானது சொற்களால் அன்று, வாசகர் மாறியதால். நூற்பா ஒன்று, அதனைக் கேட்டுப் பயின்ற மாணவர் வட்டத்தை விட்டு நீங்கியபின் உரையை வேண்டி நிற்பது போன்றதே இது. பணிமனையில் மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தருவதும், கையேட்டின் ஓரத்தில் எழுதிவைக்கும் குறிப்புகளும் அவ்வுரையின் இடத்தை நிரப்பின.

வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில், தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பையே மையமாகக் கொள்வதைக் கேள்விக்குள்ளாக்கி, பயன்பாட்டையும் பராமரிப்பையும் முன்னிறுத்தினார். ஸ்டெர்ன்டிரைவின் வரலாறு அவர் வாதத்திற்கு வலுச்சேர்க்கிறது. ஸ்ட்ராங், வின், கீக்ஹேஃபர் ஆகியோர் பெயர்கள் நிலைத்தன. காப்புரிமை ஆவணங்கள் காக்கப்பட்டன. ஆனால் அப்பொறிகளை ஆண்டுதோறும் பிரித்துப் பூட்டி ஓடவைத்தோரின் அறிவு, தலைகீழ் வரிசை என்னும் இரு சொற்களுக்குள் ஒடுங்கிற்று. கையேட்டைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதில் விரிவாக எழுதப்பட்டதை மட்டும் அறிவு என்று எண்ணிக்கொண்டால், அக்குன்றக் கூறலைத் தாமும் வழிமொழிந்தவராவார். எழுதியவர் எங்கே சுருக்கினார், யாரை நம்பிச் சுருக்கினார் என்று கேட்கும்போதே அத்தொழிலாளரின் அறிவு வரலாற்றுக்குள் வரும்.