பாதையும் பெருந்தெருவும்: கல்முனைக் கரையின் போக்குவரத்து வரலாறு

மட்டக்களப்பு நாட்டு வழக்கிலே ‘பாதை’ என்னுஞ் சொல்லுக்கு ஒரு சிறப்புப்பொருள் உண்டு. பிற இடங்களில் அது நடந்து செல்லும் வழியைக் குறிக்கும். இங்கோ வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையையுங் குறிக்கும். குருமன்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடிய பாதையை அறியாதார் இப்பகுதியில் இலர். வழியின் பெயரைப் பொது ஊர்திக்குச் சூட்டிய இம்மக்கள், வழி என்பது பலரும் ஒருங்கே சென்று சேர்வதற்குரியது என்னும் உண்மையைத் தம் வழக்கிலே பொதிந்து வைத்தனர் எனலாம். வாகன நெரிசலுக்குத் தீர்வு தேடும் இந்நாளில் இவ்வுண்மை மீண்டுஞ் சிந்தித்தற்குரியதாகும்.

பண்டைக்காலத்திலே கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய பகுதிகளின் போக்குவரத்துப் பெரிதும் நீரையே சார்ந்திருந்தது. இதற்கு ஊர்ப்பெயர்களே சான்று பகர்கின்றன. சம்மாந்துறை என்பது ‘சம்பான்துறை’ என்பதன் மரூஉ என்பர். அக்கரைப்பற்று என்னும் பெயரோ கரை கடந்து சென்ற மக்களின் வாயிற் பிறந்தது என்பது வெளிப்படை. உள்நாட்டுக்குச் செல்லத் தவளமாடுகள் இருந்தன. கரையோர முஸ்லிம் வணிகர் உப்பும் கருவாடும் பொதியேற்றிக் கண்டிநாட்டிற்குக் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். நீரிலாயினும் நிலத்திலாயினும் பயணம் பலர் கூடிச் செய்யுஞ் செயலாகவே அமைந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றிற்று. 1924இல் கல்லடியிலே வாவியின் குறுக்கே மனிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப்பாலம் அமைந்தது. அதனால் மட்டக்களப்பு நகரமும் தென்கரை ஊர்களும் தரைவழியால் இணைந்தன. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. ஆயின் அதற்குத் தெற்கே தண்டவாளம் நீளவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகர் உள்நாட்டில் அமைந்தமையாற் கச்சேரி அலுவல்களுக்குக் கரையோர மக்கள் மேற்கு நோக்கிச் செல்ல வேண்டியவராயினர். புகையிரதம் இல்லாத இக்கரைக்குப் பஸ் வண்டியே உயிர்நாடியாயிற்று.

1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியமை இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். இலாபம் தராத வழிகளிலும் ஏழையின் ஊருக்கும் பஸ் செல்ல வேண்டும் என்பதே அக்கொள்கையின் உட்கிடை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையிலே அதற்கு வேறொரு பயனும் இருந்தது. மருதமுனை நெசவாளியும், காரைதீவு ஆசிரியரும், நிந்தவூர்க் கமக்காரரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்து சென்றனர். 1985இலும் 1990இலும் நிகழ்ந்த இன வன்செயல்களின்போது அடுத்த ஊரைக் கடந்து செல்வதே அச்சத்துக்குரியதாயிற்று. ஒரே பஸ்ஸிற் சென்றவர்கள் தனித்தனி வழி தேடினர். பொதுப் போக்குவரத்தின் அருமை அது தடைப்பட்ட காலத்திலேதான் முற்றாக விளங்கிற்று.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் தனியார் பஸ்களையும், வான்களையும், மோட்டார்ச் சைக்கிள்களையும், முச்சக்கரவண்டிகளையும் பெருக்கியது. போர் ஓய்ந்தபின் தெரு அகன்றது. 2013இல் கல்லடியிற் புதிய பாலமுந் திறக்கப்பட்டது. ஆயினும் கல்முனைக் கரையின் நில அமைப்பு மாறவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும். இடையே ஒடுங்கிய மணற்றிடரும் அதன் நடுவே ஒரே பெருந்தெருவும். கடை, பாடசாலை, ஆசுபத்திரி, பள்ளிவாசல், கோயில் யாவும் அத்தெருவையே நாடி நிற்கின்றன. பாடசாலை விடும் வேளையிலே பிள்ளைகளும் வாகனங்களும் ஒன்றோடொன்று முட்டுண்பதைக் காண்போர், தெருவை மேலும் அகலமாக்குவதால் மட்டும் இத்துன்பம் தீராது என்பதை உணர்வர். அகலமாக்குதற்குரிய நிலமும் இங்கில்லை.

இவ்விடத்திலே தலைநகரின் வரலாறு நமக்கு ஒரு பாடமாகும். கொழும்பிலே 1899இல் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் தொழிலாளரையும் எழுதுவினைஞரையும் அது ஏற்றிச் சென்றது. 1944இல் அதனை மாநகரசபை பொறுப்பேற்றது. 1953இல் துரொலி பஸ்கள் வந்தன. 1960இல் டிராமும், 1964இல் துரொலி பஸ்ஸும் மறைந்தன. மின்சாரத்தால் இயங்கிய இரு பொது ஊர்திகளையும் இழந்த நகரம் பின்னர் மோட்டார்க் கார்களின் நெரிசலிற் சிக்கிற்று. அதனைத் தீர்க்க மாலபேயிலிருந்து கோட்டைக்கு யப்பானியக் கடனுதவியோடு வகுக்கப்பட்ட இலகு புகையிரதத் திட்டமும் 2020இல் நிறுத்தப்பட்டது. இருந்ததை அழித்தல் எளிது. மீண்டும் ஆக்குதல் அரிது.

இதற்கு மாறாகச் சிங்கப்பூர் 1975இலேயே காலை வேளையில் நகர்மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. பஸ் சேவையைச் சீர்செய்தது. 1987இற் பெருநகர்ப் புகையிரதத்தையுந் தொடங்கியது. நிலம் சிறிதாகிய நாடு, தெருவின் பயனை வாகனங்களின் எண்ணிக்கையால் அளவாது, செல்லும் மனிதரின் எண்ணிக்கையால் அளந்தது. ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ் ஏறத்தாழ மூன்று கார்களின் இடத்தையே கொள்ளும். அம்மூன்று கார்களிலும் ஒருங்கே ஐந்தாறு பேர் இருப்பின் அதுவே பெரிது. நிலம் ஒடுங்கிய நமது கரைக்கும் இக்கணக்கே பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவல்ல. பொத்துவில் முதல் மட்டக்களப்பு வரை அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேரசூசியில் ஓடவேண்டும். கடைத்தெருவிலே பஸ் நிற்பதற்கும் மக்கள் நடப்பதற்கும் உரிய இடம் பிற வாகனங்களின் தரிப்பிடமாகாது காக்கப்பட வேண்டும். பெருந்தெருவுக்குச் சமாந்தரமான உள்வீதிகளைத் துவிச்சக்கரவண்டிக்கு உரியனவாக்க வேண்டும். 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, மேடுபள்ளமற்ற இக்கரையிலே துவிச்சக்கரவண்டி எத்துணை ஏற்றது என்பதை யாவருங் கண்டோம். பஞ்சம் கற்பித்ததைப் பஞ்சம் நீங்கியதும் மறத்தல் அறிவுடைமையாகாது.

மாநகரசபையும் பிரதேசசபைகளும் இவற்றை ஊர்வாரியாக அன்றிக் கரை முழுவதற்கும் ஒருங்கே திட்டமிடல் வேண்டும். ஏனெனில் தெரு ஊரெல்லையிலே நின்றுவிடுவதில்லை. ஒருவர் ஏறியபின் அடுத்தவருக்கும் இடம் விட்டுக் காத்து நின்றதே நம் முன்னோரின் பாதை. அந்த ஒழுங்கைப் பெருந்தெருவுக்கும் உரியதாக்குவது இத்தலைமுறையின் கடன்.